தூணோர நாற்காலிப் பரணி

வாழி! கடல் கடந்து கல்வி கொள்ளச் சென்று, கல்வியினும் கடியதாகிய கோடையோடு மல்லாடி, ஒற்றை மின்விசிறியின் ஓரக்காற்றுக்காக மெய்வியர்க்கப் பொருத வரலாற்றுப் பேராசிரியை வாழி! அவள் தோளில் தொங்கிய துணிப்பை வாழி! நனைந்தும் நனைந்தும் நாணாத அவளது நீலக் கைக்குட்டை நீடூழி வாழி!

சுவரின் சிறுதுளைக்குள் துயில்கின்ற மின்சாரத் தாயே, உன்னை முதற்கண் வணங்குகிறேன். கம்பி வழி வந்து, விசிறியின் விலா எலும்புகளுக்குள் புகுந்து, வெந்து கிடந்த ஓர் அவையை நீ எவ்வாறு இருகூறாக்கினாய் என்பதைப் பாடத் துணிந்த எளியேன் நாவில் வந்து ஏறுவாயாக. ஏறும்போது, தாயே, அளவோடு ஏறுவாயாக.

நம் தலைவி மகளிர் கல்லூரி ஒன்றில் வரலாறு போதிப்பவள். நாற்பத்தைந்தைத் தொட்டும் தொடாத வயது. கடைசி வரிசையில் மேசைக்கடியில் கைபேசி தடவும் மாணவியின் கட்டைவிரல், கரும்பலகை அருகிலிருந்து எழும் அவள் கனைப்பொலி கேட்ட அளவிலேயே கல்லாய்ச் சமையும், அத்தகைய குரல். அக்கல்லூரியில் குளிரூட்டிய வகுப்பறை ஒன்றே ஒன்றுதான். வணிகவியல் துறையார் வஞ்சகம் செய்தும், கணிதத்துறையார் கெஞ்சிக் கேட்டும், அவ்வறையை ஆண்டுதோறும் தன் பாடவேளைக்கே வென்றெடுத்தமையால் ‘ஏசி மேடம்’ என்னும் விருதுப்பெயரை மாணவியர் அவளுக்குச் சூட்டியிருந்தனர். அவ்வறையில் அமர்ந்து, வாடைக்காற்று பிடரியை வருட, தாங்காமல் தோளில் ஒரு சால்வையும் போர்த்திக்கொண்டு, அவள் எழுதி முடித்த ஆய்வுரையின் பொருள் யாதெனில், வெயில். முன்னோர் வெயிலை எங்ஙனம் பொறுத்தனர், நிழலை எங்ஙனம் பங்கிட்டனர், ஒரு மரத்தடியில் எத்தனை பேர் மனக்கசப்பின்றி ஒதுங்கினர் என்பதையெல்லாம் உருக்கமாக விளக்கிய உரை அது.

அவ்வுரை கடல் தாண்டிப் பறந்து, வேற்றுநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோடைப்பள்ளி வாசலில் இறங்கியது. மண்ணையும் மழையையும் கருவிகொண்டு அளப்பது அறிவியல். அம்மண்ணோடும் மழையோடும் மனிதர் கொண்ட உறவையும் பகையையும் வரலாறு, இலக்கியம், மெய்ப்பொருள் ஆகியவற்றின் துணையோடு ஆராய்வது சூழல்சார் மானுடப் படிப்பு. அப்படிப்பைச் சில வாரங்கள் பயில வருமாறு அவளுக்கு அழைப்பு வந்தது. கல்லூரி முதல்வர் மகிழ்ந்தார். மகிழ்ந்தவர், “கடைசி நாள் அரங்குல நல்லா பேசிட்டு வாங்க. அங்க இருக்கிறவங்க நாலு நல்ல வார்த்தை சொன்னா, இந்தப் படிப்பை இங்கயும் ஆரம்பிக்கலாம், பொறுப்பு உங்களுக்குத்தான்” என்றார், பிறகு சற்றே நிறுத்தி, “சொதப்பிட்டா அந்த ஏசி ரூமை காமர்ஸுக்குக் குடுக்க வேண்டியிருக்கும், ஏற்கெனவே தலையைத் தின்றாங்க” என்றும் சேர்த்தார். இவ்வாறு பேரரசு ஒன்றைப் பணயம் வைத்தே நம் தலைவி பயணம் புறப்பட்டாள்.

அவளைக் கரம்பற்றியவர் பல் மருத்துவர்; ஊரார் கடைவாய்களுக்குள் நாள்தோறும் களம்காணும் வீரர். அவர், “அது குளிர் ஊரும்மா. பல்லு தந்தியடிச்சா அங்க யாரு பார்ப்பா?” என்று கவலையுற்று, கம்பளி மேலாடைகளும், கையுறைகளும், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் குரங்குக் குல்லாவும் வாங்கிப் பெட்டியில் அடைத்தார். பெட்டியை மூட, பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் மகள் அதன்மேல் ஏறி அமர வேண்டியிருந்தது.

ஆனால், அந்தோ! அந்நாட்டு மக்கள் தம் வாழ்நாளில் கண்டிராத கோடை அவ்வாண்டு அங்கு வந்து கூடாரமிட்டிருந்தது. தார்ச்சாலை இளகித் தாய்மடிபோல் குழைந்தது. மரங்கள் இலைகளைச் சுருட்டிக்கொண்டு தம் நிழலைத் தமக்கே வைத்துக்கொண்டன. வழிப்போக்கர் கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திறந்து தலையை உள்ளே நீட்டியவாறு, எதை வாங்குவதென்று நெடுநேரம் யோசிப்பவர்போல் நடித்தனர். வானூர்தி நிலையத்தை விட்டு வெளியே வந்த நம் தலைவி, கையில் கம்பளி மேலாடையோடு நின்று, “ஏங்க, இங்க கொதிக்குதுங்க” என்று கைபேசியில் அலறினாள். “நல்லா பாரும்மா, எஞ்சின் பக்கம் நிக்கிறியோ என்னவோ” என்றார் பல் மருத்துவர்.

கோடைப்பள்ளி கூடியது மூன்றாம் தளத்து மண்டபம் ஒன்றில். உயர்ந்த கூரை, பருத்த தூண்கள், பன்முறை வண்ணம் பூசப்பட்டுப் பூசப்பட்டுத் தம் சட்டங்களோடு ஒட்டிப்போய்க் கையளவுக்கு மேல் திறக்க மறுக்கும் சாளரங்கள். குளிர்காலத்துக்கென்றே கட்டப்பட்ட அம்மண்டபம், பகலெல்லாம் உண்ட வெம்மையை ஒரு துளியும் சிந்தாமல் தன் வயிற்றில் காத்து வைத்திருந்தது. அங்கே ஆசனத்தலைவராக வீற்றிருந்தவர் தாடித் தலைவர். புதர்போல் அடர்ந்து மார்பளவு இறங்கிய அத்தாடிக்குள் பல பருவங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அவர் முதல்நாளே எழுந்து நின்று, அவையோர்க்கெல்லாம் பொதுவான வேற்றுமொழியில் முழங்கினார்: “தோழர்காள்! குளிரூட்டியை நாம் கொள்கையளவில் மறுத்தோம்! வெம்மையைப் பற்றி ஓத வந்தோர் வெம்மையை உடலால் ஓதுக!” அவை கைதட்டியது. கைதட்டியதில் உண்டான சிறுகாற்றுக்காகச் சிலர் சற்று நீட்டித்தே தட்டினர்.

தட்டாதிருந்தவள் நம் தலைவி ஒருத்தியே. அவள் துயரத்தைப் பெருக்கியது வெயிலன்று, அவையோர் கொண்ட நம்பிக்கை. அவள் வெயில் நாட்டிலிருந்து வந்தவள் என்பதனால், இவ்வெம்மை அவளுக்குத் தாய்வீட்டுச் சீதனம் என்றே அனைவரும் எண்ணினர். இடைவேளைதோறும் ஒருவர் வந்து, “உங்களுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை, அல்லவா?” என்று பொறாமையோடு வினவுவார். புடவைக்குள் ஆறு ஓடிக்கொண்டிருக்க, “ஒன்றுமே இல்லை” என்று அவளும் புன்னகைப்பாள். நாட்டின் மானம் அல்லவா!

இந்நிலையில்தான் எழுந்தருளினான் அவ்விசிறியண்ணல். முதியவர் ஒருவர் மயங்கிச் சரிந்ததைக் கண்டு அஞ்சிய கட்டடக் காவலர், தம் அறையிலிருந்து அவனைத் தூக்கிவந்து நிறுத்தினார். ஒற்றைக்காலன், அக்காலிலும் பழுப்புநிற நாடா சுற்றிய கட்டு. வட்டமுகத்தன், அம்முகக் கம்பிகளுள் சில காலத்தால் வளைந்தவை. கொள்கையில் விசிறிக்குத் தடையில்லை என்று தாடித் தலைவர் தீர்ப்பளித்தார். ஆயினும் அம்மண்டபத்தில் உயிருள்ள சாக்கெட் ஒன்றே. விசிறியின் வால் குட்டை. ஆகவே கிழக்குத் தூணின் அருகன்றி அவனுக்கு நிற்க வேறு நிலமில்லை. இடமும் வலமுமாகத் தலையசைத்து அவன் அருள்பாலிக்கையில், கழுத்தில் ஏதோ பல்சக்கரம் தேய்ந்தமையால், வலக்கோடியை அடைந்ததும் எதையோ மறந்தவன்போல் ஒரு பெருமூச்சு நேரம் திகைத்து நிற்பான். பிறகு ‘கடக்’ என்று நினைவு வந்து திரும்புவான். அவன் அவ்வாறு திகைத்து நிற்கும் திக்கில் இருந்தது ஒரு நாற்காலி. தூணோரத்து நாற்காலி. அதுவே இப்பரணியின் கோட்டை, கொடி, கருவூலம்.

விசிறி வந்த முதல்நாள் தற்செயலாக அதில் அமர்ந்தவள் நம் தலைவியே. அக்காற்று முதன்முறை தன் கழுத்தைத் தொட்டபோது, அவள் தன் கணவரையும் மகளையும் கல்லூரியையும் ஒருங்கே மறந்தாள்.

மறுநாள் அவள் வரும்போது அரியணையில், அன்றே புதிதாக வந்து சேர்ந்த வேறொருத்தி வீற்றிருந்தாள். ஆண்பிள்ளைபோல் கத்தரித்த தலைமுடி, முழங்கால்வரை காற்சட்டை, மேசையில் ஒரு மலைபோல் அடுக்கிய தாள்கள். பனி உறைந்த நாடொன்றில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, பனியிலே நடைபழகி, உருகிவரும் பனிமலைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்பவள். நம் தலைவியின் புடவையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“ஆன்ட்டி, நீங்க தமிழா? ஐயோ, எவ்வளவு சந்தோஷமா இருக்கு! நான் இங்க உட்கார்ந்துக்கட்டுமா? உங்களுக்குத்தான் வெயில் பழகியிருக்குமே.”

இரு அம்புகள்! ‘பழகியிருக்குமே’ என்னும் முதல் அம்பு விலாவில் தைத்தது. அதனைப் பிடுங்கி எறிந்திருப்பாள். ‘ஆன்ட்டி’ என்னும் நஞ்சுதோய்ந்த மற்றைய அம்போ நெஞ்சின் நடுவே புகுந்து முதுகின்வழி வெளிப்பட்டது. ஆயினும் தமிழ்ப் பெண்டிர்க்கே உரிய பெருந்தன்மை எனும் பெரும்பிணி அவள் நாவைப் பற்றி, “பரவால்லம்மா, உட்காரு” என்று சொல்லவைத்தது. சொல்லிய வாயை அவள் அன்று முழுதும் மன்னிக்கவில்லை.

மதியம் வீட்டுக்குப் பேசுகையில், “இங்க ஒரு பனிக்கட்டி வந்து உட்கார்ந்திருக்கு” என்றாள். “சரி, அதையாவது எடுத்துத் தலையில வெச்சுக்கோ” என்றார் பல் மருத்துவர்.

மூண்டது போர். மறுநாள் நம் தலைவி எவரும் வருமுன் வந்து நாற்காலியைக் கைப்பற்றினாள். அதற்கு அடுத்த நாள் பனிக்கட்டி அவளினும் முன்னே வந்தாள். அதற்கும் அடுத்த நாள், கட்டடக் காவலர் சாவிக்கொத்தைக் கையிலெடுக்கும்போதே இருவரும் வாசலின் இருபுறமும் துவாரபாலகியர்போல் நின்றிருந்தனர். கதவு திறந்ததும் ஓடினார்கள் என்று சொல்லக்கூடாது, ஓடுவதாகத் தெரியாதபடி மிக விரைந்து நடந்தார்கள். துணிப்பையை நாற்காலியில் கிடத்தி இடம்பிடிக்கும் தொன்மையான தமிழ்ப் போர்முறையைத் தலைவி கையாண்டாள். பையை மரியாதையோடு தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்து, “ஆன்ட்டி, பை விழுந்துடும்போல இருந்துச்சு” என்றாள் பனிக்கட்டி.

விசிறியின் பின்மண்டையில் ஒரு குமிழ் உண்டு. அதனை அழுத்தினால் அவன் தலையசைப்பதை நிறுத்தி ஒரே திசையில் நோற்பான். தோற்று அயலில் அமர்ந்த நாட்களில் நம் தலைவி தண்ணீர் குடிக்கச் செல்பவள்போல் எழுந்து, விசிறியைக் கடக்கும் கணத்தில் தன் முழங்கையை ஏவுவாள். விசிறி அவள் பக்கமாகவே நிலைகுத்தும். சற்றைக்கெல்லாம் பனிக்கட்டிக்கும் தாகம் எடுக்கும். அங்ஙனம் அவ்விருவரும் அருந்திய நீரை அளந்தால் ஒரு குளம் நிறையும். இடையே அகப்பட்ட பிற அவையோர், காற்று ஏன் ஒருநேரம் வருகிறது, ஏன் ஒருநேரம் வருவதில்லை என்பதை அறியாமல், அதனையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிக்கொண்டனர்.

பொதுவளம் பற்றிய வகுப்பு வந்தது. ஊர்ப்பொதுவான மேய்ச்சல் நிலம் யாருக்குரியது, ஏரி யாருக்குரியது, ஒருவர் மிகுதியாக எடுத்தால் மற்றவர் கதி என்ன என்று தாடித் தலைவர் வினாத் தொடுத்தார். நம் தலைவி எழுந்தாள். மண்டபம் அதிர முழங்கினாள்: “அவையோரே, கேண்மின்! காற்று எவர் தந்தையின் சொத்துமன்று! வைகறையில் வந்து வளைத்துக்கொண்டோர்க்கெல்லாம் வளம் உரியது எனின், அது அறமா, அன்றிக் கொள்ளையா?” பனிக்கட்டி அமர்ந்த இடத்திலிருந்தே, விசிறியின் இரைச்சலுக்கு இடையே மறுமொழி தொடுத்தாள்: “வளம் பொதுவே, ஆயின் தேவை பொதுவன்று! எவருக்கு அஃதின்றியமையாததோ அவர் பக்கமன்றோ அது திரும்பவேண்டும்?” “தேவையை அளப்பவர் யார்?” என்றாள் தலைவி. “பையைப் போட்டு இடம்பிடிப்பவர் அல்லர்!” என்றாள் பனிக்கட்டி. தாடித் தலைவர் கண்கலங்கினார். இத்துணைச் சூடான விவாதத்தைத் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்று உருகி, இருவர் கூற்றையும் பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். அவ்விருவரும் வாதிட்டது அவருக்கு அருகில் ஒற்றைக்காலில் நின்ற பொருளைப் பற்றியே என்பதை அவர் கடைசிவரை அறிந்தாரில்லை.

இனி நம் தலைவியின் வரலாற்றில் இருண்ட பக்கம். அதனையும் பாடாது விடின் புலவன் பொய்யன் ஆவான்.

‘செவியால் நிலத்தை அறிதல்’ என்பது அன்றைய பயிற்சி. அனைவரும் கண்களை மூடி, அசையாது அமர்ந்து, சூழ எழும் ஒலிகளையெல்லாம் உள்வாங்க வேண்டும். உண்ட மயக்கம் ஒருபுறம், புழுக்கம் மறுபுறம். அன்றைக்குத் தோற்றவளாதலின் விசிறிக்கு எட்டாத மூலையில் இருந்தாள் தலைவி. கண்ணை மூடினாள். அவ்வளவே அவள் அறிவாள்.

பயிற்சி முடிந்து அவையோர் தாம் கேட்டதை ஒவ்வொருவராக விவரித்தனர். இலையசைவு கேட்டது என்றார் ஒருவர். பிறகு எல்லாரும் ஒரே ஒலியைப் பற்றிப் பேசத் தலைப்பட்டனர். தொலைவில் ஏதோ ஆலை இயங்குவதுபோல் இருந்ததென்றார் ஒரு கட்டடக்கலைஞர். இல்லை, அதில் ஏறி இறங்கும் ஒரு துயரம் இருந்தது, பூமியே மூச்சுவிடுவதுபோல் இருந்தது என்றார் ஓவியர் ஒருவர். சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. தாடித் தலைவர் முன்னால் சாய்ந்து, “அவ்வொலி எங்கிருந்து எழுந்தது?” என்று வினவினார். விழித்துக்கொண்ட தலைவிக்கு விளங்கிவிட்டது. தூணோர நாற்காலியில் இருந்த பனிக்கட்டி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

ஒரு சொல் போதும். ஏசி அறை வணிகவியலுக்குப் போய்விடும்.

பனிக்கட்டி அவையை நோக்கினாள். “ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது” என்றாள். தாடித் தலைவர் பலகையில் ‘பூனை’ என்று எழுதி வட்டமிட்டார்.

நடைக்கூடத்தில் தலைவி அவளை வழிமறித்தாள்.

“எதுக்கும்மா அப்படிச் சொன்னே?”

“வேற என்ன சொல்ல ஆன்ட்டி? நீங்கதான்னு கையைக் காட்டவா?”

“காட்டியிருக்கலாமே. உனக்கும் எனக்கும் தினமும் நடக்கிற கூத்துக்கு…”

“எங்கம்மாவும் இப்படித்தான் விடுவாங்க. நான் வீட்டைவிட்டு வந்து ரொம்ப நாளாச்சு. கேக்க நல்லா இருந்துச்சு.”

பகைவரின் வாளினும் கொடியது பகைவரின் கருணை. வாள்காயம் ஆறிவிடும். இதற்கு மருந்து யாரிடம் கேட்பது? நம் தலைவி வீட்டுக்குப் பேசி, நடந்ததைச் சொன்னாள். பல் மருத்துவர் சிரித்துச் சிரித்துப் பேசமுடியாமல் கைபேசியை மகளிடம் கொடுத்தார்.

“அந்த அக்கா நல்லவங்களா இருக்காங்கம்மா. சேரை விட்டுக் குடுத்துடேன். நீ படிக்கப் போனியா, ஃபேனுக்குச் சண்டை போடப் போனியா?”

“நன்றி வேற, நாற்காலி வேற” என்று உறுதிபட உரைத்து இணைப்பைத் துண்டித்தாள் வீரத்தாய்.

வந்தது இறுதிநாள். அன்றுதான் ஒவ்வொருவரும் அவைமுன் தம் ஆய்வை உரைக்க வேண்டும். அன்றுதான் தாடித் தலைவர் வாயிலிருந்து அந்த நாலு நல்ல வார்த்தை உதிரவேண்டும். முதலில் பனிக்கட்டி, அவளை அடுத்து நம் தலைவி. கோடையும் அதனை அறிந்து, தன் சேனை முழுவதையும் அன்றைக்கென்றே திரட்டியிருந்தது. பேசும்முன் அக்காற்றில் சிறிது நேரமேனும் அமராவிட்டால் மேடையில் மயங்கி விழுவது உறுதி என்று தலைவிக்குத் தோன்றியது. பொழுது புலர்ந்ததும் புலராததுமாக அவள் புறப்பட்டாள். படிக்கட்டில் தனக்கு முன்னே இரண்டு செருப்புகள் தடதடவென்று ஏறும் ஓசை கேட்டது. இவளும் புடவைக் கொசுவத்தை அள்ளிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். இரண்டாம் தளத்தில் நெருங்கினாள். மூன்றாம் தளத்தில் இணைந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் தள்ளி உள்ளே விழுந்தனர்.

நாற்காலி இருந்தது. தூண் இருந்தது. சாக்கெட் இருந்தது. விசிறி இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் ஐயுற்றனர். பிறகு இருவர் முகத்திலும் இருந்த பேரிழப்பைக் கண்டு இருவரும் தெளிந்தனர். சேர்ந்து தேடப் புறப்பட்டனர். கழிப்பறையில் இல்லை, காவலர் அறையில் இல்லை. கீழ்த்தளத்து நூலகத்தில் கண்டனர். அங்கே குழாய் ஒன்று வெடித்து, தரைவிரிப்பு ஊறிச் சேறாகி, நனைந்த நூல்கள் வயிறுவீங்கி விரிந்துகிடக்க, அவற்றின் நடுவே நின்று விசிறியண்ணல் தலையசைத்துக்கொண்டிருந்தான். கட்டடக் காவலர், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, துடைப்பத்தோடு நின்றார். மதியம்வரை தரமுடியாது என்று கையை விரித்தார். நூல்களின் நிலையைப் பார்த்தபின் கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் பனிக்கட்டி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தலைவிக்கு முதலில் மகிழ்ச்சி தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே அது வெட்கி ஓடியது.

“என்னம்மா, ஒருநாள் காத்து இல்லைன்னா என்ன? எனக்கும்தான் இல்ல.”

“எனக்குக் காத்துகூடப் பெருசில்ல. சத்தம்தான் வேணும்.”

“சத்தமா?”

“எனக்கு வாய் திக்கும். உங்ககிட்ட வராது, எங்கம்மாகிட்ட வராது. எல்லாரும் அமைதியா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்கன்னா முதல் வார்த்தையே மாட்டிக்கும். காதுக்குப் பக்கத்துல ஃபேன் ஓடினா நான் பேசறது எனக்கே பாதிதான் கேக்கும். அப்போ பயம் போயிடும். இவ்வளவு நாளும் அங்க உட்கார்ந்துதான் நாலு வார்த்தை பேசினேன்.”

தலைவி அவள் அருகே படியில் அமர்ந்தாள்.

“இதை முதல்லயே சொல்லியிருந்தா சேரை நானே தூக்கிக் குடுத்திருப்பேனே.”

“நீங்க எங்க கேட்டீங்க? பார்த்தாலே முறைச்சீங்க.”

“நீ ஆன்ட்டின்னா முறைக்காம?”

பனிக்கட்டி தலைநிமிர்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கா? வேற எப்படிக் கூப்பிடணும்?”

“அக்கான்னு சொன்னா வாய் வலிக்குமா?”

“சரிக்கா” என்றாள் பனிக்கட்டி, அழுகையும் சிரிப்புமாக. “இப்ப என்னக்கா பண்றது?”

“நீ போய் நில்லு. சத்தத்துக்கு நான் பொறுப்பு. வேணும்னா குறட்டை விடறேன்.”

மண்டபம் நிறைந்தது. காற்று ஓர் இழையும் அசையவில்லை. பனிக்கட்டி மேடையேறினாள். ‘பனி’ என்னும் தமிழ்ச்சொல்லைச் சொல்லியே அவள் உரையைத் தொடங்க இருந்தாள். அச்சொல்லின் முதலெழுத்திலேயே அவள் உதடுகள் ஒட்டிக்கொண்டன. மறுபடி முயன்றாள். மறுபடியும் அங்கேயே. அவை அன்போடு காத்திருந்தது. அந்த அன்பான அமைதிதான் அவள் கழுத்தை நெரித்தது. அவள் கண்கள் முதல் வரிசையைத் தேடின.

அங்கே எழுந்தது ஓர் ஒலி. ‘படபட’. நம் தலைவி தன் ஆய்வுரையை, குளிர் அறையில் ஆண்டுக்கணக்கில் இழைத்து இழைத்து எழுதிய அத்தாள்களை, ஒருசேரப் பற்றி முகத்துக்கு நேரே விசிறத் தொடங்கினாள். கணப்பொழுதில் ஓவியர் தம் கோப்பை எடுத்தார். கட்டடக்கலைஞர் தம் வரைபடத்தை விரித்தார். இவ்வளவு நாளும் நாகரிகம் கருதி வெந்துகொண்டிருந்தோர், வெயில் நாட்டவளே விசிறுகிறாள் எனக் கண்டதும் தம் தளையறுத்தனர். தாடித் தலைவர் தம் தொப்பியால் தாடிக்குள் காற்றை ஏற்றினார். ஆயிரம் புறாக்கள் ஒருங்கே சிறகடித்தாற்போல், ஆடிக்காற்றில் அகப்பட்ட வாழைத்தோப்பைப்போல், அம்மண்டபம் முழங்கியது. அம்முழக்கத்தின் அடியில், தன் குரல் தனக்கே பாதிதான் கேட்க, பனிக்கட்டி பேசினாள். பேசிக்கொண்டே போனாள். தான் சிறுமியாக இருந்தபோது நடந்து ஏறிய பனிமலையில் இப்போது ஏற முடியாது, ஏறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று அவள் சொல்லி முடித்தபோது, விசிறிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன. நின்றபின்னும் அவள் இரண்டு வாக்கியங்கள் பேசினாள். திக்கவில்லை. அதை அவளும் கவனிக்கவில்லை.

அடுத்து ஏறினாள் நம் தலைவி. அவள் கையில் இருந்தவை தாள்கள் அல்ல, கூழ். வியர்வையில் மை கரைந்து, வரிசை குலைந்து, முன்னோர் பங்கிட்ட நிழலெல்லாம் ஒன்றோடொன்று கலந்திருந்தது. அவள் அவற்றை மேசைமேல் வைத்தாள். இருபதாண்டுக் காலம் கடைசி வரிசையை அடக்கிய குரலை எடுத்தாள். இவ்வுரையைக் குளிரூட்டிய அறையில், சால்வை போர்த்திக்கொண்டு எழுதினேன் என்றாள். வெயிலில் மக்கள் அன்போடு நிழலைப் பங்கிட்டார்கள் என்று இதில் எழுதியிருக்கிறேன், அது முழு உண்மையல்ல என்றாள். பக்கத்திலிருப்பவரைத் தள்ளிவிட்டுத்தான் முதலில் நிழலில் நிற்கத் தோன்றும். பிறகு தள்ளப்பட்டவரின் முகத்தைப் பார்க்க நேரும். பங்கீடு அதற்குப் பின்னால்தான் வருகிறது, சிலவேளை மிகவும் தாமதமாக வருகிறது என்றாள். எனக்கும் இந்த வெயில் பழக்கமில்லை, எனக்கும் தாங்கவில்லை என்றும் சொல்லி, அந்த நீலக் கைக்குட்டையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். அவை எழுந்து நின்று கைதட்டியது. இம்முறை காற்றுக்காக அல்ல. தாடித் தலைவர் நாலு வார்த்தை அல்ல, நாற்பது வார்த்தை சொன்னார். வணிகவியல் துறையின் கோட்டைக்கனவு அக்கணமே இடிந்து தூளாயிற்று.

அப்போது கதவு திறந்தது. கட்டடக் காவலர் விசிறியண்ணலைத் தோளில் சுமந்து வந்தார். தூணருகே நிறுத்தினார், வாலைச் சாக்கெட்டில் செருகினார். அண்ணல் இடமும் வலமும் பார்த்து, வலக்கோடியில் திகைத்து நின்றான். எதிரே நாற்காலி, வெறுமையாக.

“நீங்க உட்காருங்கக்கா.”

“நீ உட்காரும்மா, நீதான் களைச்சுப்போயிருக்கே.”

“ஐயோ இல்லக்கா, நீங்கதான் பெரியவங்க.”

“யாரு பெரியவங்க?”

ஆ, மூண்டது மீண்டும் ஒரு போர், முன்னையதினும் கொடியது! கைபிடித்து இழுத்தனர், தோள்பற்றித் தள்ளினர், ஒருவரை ஒருவர் அமர்த்தும் வெறியில் மேசையொன்றைச் சாய்த்தனர். அவர்கள் திரும்பிப் பார்க்கையில் தாடித் தலைவர் அந்நாற்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, தாடி இருபுறமும் பறக்க, பேரின்பத்தில் ஆழ்ந்திருந்தார்.

இவ்வாறாக, இரு பேரரசியர் வியர்வையாறு பெருகப் பொருது, வென்றவர் தோற்று, தோற்றவர் வென்று, முடிவில் இருவருமே நின்றுகொண்டிருந்த தூணோர நாற்காலிப் பெரும்போர் நிறைவுற்றது. ஞாயிறும் திங்களும் உள்ளளவும், மின்சாரமும் சாக்கெட்டும் உள்ளளவும், நெஞ்சும் நாணமும் உள்ளளவும் இவர்தம் புகழ் நின்று நிலவுவதாக!

விடைபெறக் கூடிய மறுநாள் காலையில் மழை பெய்தது, ஃபேனை யாரும் போடவில்லை.